சூடு போன வழி

புணேயிலிருந்து கொங்கண் பக்கம் இறங்கும் எந்த மலைப்பாதையில் போனாலும் எதிரே நிற்கும் மலைகளில் படுக்கைவாட்டில் கோடுகள் தெரியும். செங்குத்தாக ஒரு கறுப்புச் சுவர், அதன்மேல் புல் முளைத்த சரிவு, மறுபடி சுவர், மறுபடி சரிவு, உச்சிவரை இப்படியேதான். பள்ளத்தாக்கைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் மலையிலும் அதே உயரத்தில் அதே கோடு தொடரும். "மலையை யார் மாப்ளே இப்படி வெட்டி வச்சது?" என்று என் மாமனார் கேட்டார்.

யாரும் வெட்டவில்லை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியில் விழுந்த நீள நீளமான வெடிப்புகள் வழியே பொங்கிய எரிமலைக் குழம்பு, ஒன்றின்மேல் ஒன்றாகப் பரவி உறைந்ததுதான் இந்த மலை அத்தனையும். தக்காணத்தின் இந்த எரிமலைப் பாறை இன்றைக்கும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. கிட்டத்தட்ட நாலு தமிழ்நாடு. சில இடங்களில் மொத்தக் கனம் 2 கிலோமீட்டருக்கும் மேல். சில ஓட்டங்கள் பழைய ஆற்றுப் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டர் ஓடி ராஜமுந்திரிவரை போயிருக்கின்றன. கூம்பாக ஒரு மலை, உச்சியில் புகை என்று படத்தில் பார்த்த எரிமலையை இங்கே தேடினால் கிடைக்காது.

நான் ரோடு வேலைக்காரன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், சிவில் டிப்ளமா. மகாராஷ்டிரத்தில் சைட் சைட்டாக மாறி மலைச்சாலை அகலப்படுத்தும் வேலையிலேயே தலை நரைத்துவிட்டது. முதலில் இங்கே வந்து இறங்கியபோது வயலெல்லாம் கரிசலாகக் கிடந்ததைப் பார்த்து ஊருக்கே வந்துவிட்ட நினைப்பு. ஆனால் இந்தக் கரிசல் எரிமலைப் பாறை மக்கி வந்தது. நம்மூர்க் கரிசலுக்கு அடியில் இருப்பது வேறு கல். அதே நிறம், அதே பருத்தி, கோடையில் விழும் வெடிப்பும் அதேதான், பூர்வீகம் மட்டும் வேறு. நம்மூரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலை ஒரு பழைய எரிமலை என்று கார்த்திகை தீபத்தன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் ஒரு செய்தி வரும். அக்கினித் தலம் என்பது வேறு விஷயம், அதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த மலையின் கல் பூமிக்கடியில் ஆழத்தில் உருவானது. வெளியே வழிந்து காற்றுப்பட்டு உறைந்த குழம்புக்கு வேறு அடையாளங்கள் உண்டு. அந்த அடையாளங்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வேலையில் பாறையில் துளை போட்டு, மருந்து வைத்து, வெடித்து, ஜேசிபி வைத்து அள்ளி முடித்த மறுநாள் காலையில் ஒரு புத்தம்புது கல்முகம் நிற்கும். மழையும் வெயிலும் படாத முகம். பாசி கிடையாது, துரு கிடையாது. ஒரு மழைக்காலம் போனால் இந்தத் தெளிவு போய்விடும் என்பதால் அந்த நேரத்தில் பார்ப்பதை நான் விடுவதில்லை. ஆரம்பத்தில் அளவு எடுக்கத்தான் போய் நின்றேன். எங்கள் சைட்டுக்கு வந்த ஒரு புவியியல் ஆலோசகர் சுவரைக் காட்டி, "கல்லைப் பார்க்காதீர்கள், சூடு எந்தப் பக்கமாக வெளியே போயிருக்கிறது என்று பாருங்கள்" என்றார். அதற்கப்புறம் எந்தக் கல்முகத்தின் முன் நின்றாலும் அந்த ஒரு கேள்வியோடுதான் நிற்கிறேன்.

ஒரு வெட்டு முகத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். தூரத்தில் நின்றால் ஒரே கறுப்புச் சுவர். கிட்டப் போனால் அது ஒரே பாறை இல்லை, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கிடக்கும் பொதிகள் என்று தெரியும். ஒவ்வொரு பொதிக்கும் முதுகு வளைந்து மேலே எழும்பியிருக்கும். இரண்டு முதுகுகளுக்கு நடுவே விழுந்த பள்ளத்தில் மூன்றாவது பொதி வந்து, அந்தப் பள்ளத்தின் வடிவத்துக்கே தன் வயிற்றை அமைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று கேட்கவே வேண்டாம், வளைவே சொல்லிவிடும். பொதியின் ஓரத்தில் விரல் பருமனுக்கு ஒரு பட்டை, உள்ளே இருக்கும் கல்லைவிட மினுக்கமாக, பொடிசாக. வெளியே வந்த குழம்பு நிலத்தையும் காற்றையும் தொட்ட கணத்தில் படிகம் கட்ட நேரமில்லாமல் கண்ணாடியாக உறைந்த தோல் அது.

தோலுக்கு உள்ளே குமிழிகள். மேல் பக்கம் கடுகு அளவில் நெருக்கமாக இருக்கும். கீழே வர வர எண்ணிக்கை குறைந்து ஒவ்வொன்றும் பெரிதாகும், அங்கங்கே தட்டையாக நசுங்கியிருக்கும். இன்னும் கீழே போனால் குமிழியே இல்லாத கெட்டிக் கல். அதற்கும் கீழே, பொதியின் அடியில் ஒரு சாண் உயரத்தில் மறுபடி துளைகள். இவை உருண்டை இல்லை, பென்சில் பருமனில் நட்டுவைத்த குழாய்கள். அடிப்பக்கம் உறைந்துகொண்டே மேலேற, பிதுங்கிய வாயு ஒதுங்க இடமில்லாமல் உறையாத பக்கமாக நீண்டுகொண்டே போன தடம் இது. சில குழாய்களின் மேல்முனை ஒரே திசையில் சாய்ந்திருக்கும். மேலே குழம்பு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது என்று பொருள். ஹவாய்த் தீவுப் பாறைகளில் இந்தக் குழாய்களை ஆராய்ந்த ஜார்ஜ் வாக்கர், 4 டிகிரிக்குக் குறைந்த சரிவில் ஓடிய குழம்பில்தான் இவை உண்டாகின்றன என்று 1987-ல் எழுதினார். ஆக, இன்று நான் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கி அளவெடுக்கும் இதே இடம் அன்றைக்குக் கிட்டத்தட்டச் சமதளம்.

இந்தப் பொதிகள் குழம்பு வழிந்து ஓடி அப்படியே உறைந்து உண்டானவை அல்ல. முதலில் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு நாக்கு நீளும். அதன் தோல் உறைந்துவிடும். உறைந்த தோல் சூட்டை வெளியே விடாது. பின்னால் வரும் குழம்பு அந்தத் தோலுக்கு அடியில் புகுந்து, பொதியை உள்ளிருந்தே ஊதித் தூக்கும். மேல் தோல் நாளுக்கு நாள் கனமாகும், உள்ளே ஓட்டம் நிற்காமல் நடக்கும். ஹவாயில் உறைந்துகொண்டிருந்த லாவாவை அளந்து 1994-ல் ஒரு குழு கணக்கு வெளியிட்டது: மேலோட்டின் கனத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 164.8-ஆல் பெருக்கினால், அவ்வளவு உறைய எத்தனை மணி நேரம் ஆனது என்று வரும். சைட் டைரியில் கான்கிரீட் கணக்குக்கு நடுவே நான் இதையும் போட்டுப் பார்த்தேன். நான் சொன்ன பொதியில் குமிழிகள் நிறைந்த மேலோடு 1.4 மீட்டர். வர்க்கம் 1.96. பெருக்கினால் 323 மணி நேரம், பதின்மூன்றரை நாள். அந்த ஒரு பொதிக்குள் இரண்டு வாரம் குழம்பு ஓடியிருக்கிறது! மேலோடு 10 மீட்டர் இருக்கும் ஓட்டம் என்றால் 16,480 மணி நேரம், இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. கான்கிரீட் இறுகி வலுவாக 28 நாள் காத்திருக்க முடியாமல் தினமும் போன் போடும் எங்கள் மேலதிகாரியிடம் இதைச் சொல்ல நினைத்ததுண்டு. சொல்லவில்லை.

இப்படி மெத்தென்று பொதி பொதியாக உறையும் வகைக்கு ஹவாய்க்காரர்கள் வைத்த பெயர் பாஹோயிஹோயி. கரடுமுரடாக, உடைந்த கட்டிகளாக நகரும் வகைக்கு ஆஆ. உலகம் முழுக்க இந்த இரண்டு பெயர்தான். புணே, நாசிக் பக்கம் நான் பார்த்த வெட்டுகளில் முக்கால்வாசி முதல் வகை.

எங்கள் கேம்புக்குத் தண்ணீருக்காக போர் போட்டபோது வந்த வண்டி திருச்செங்கோட்டு வண்டி. இந்தியாவில் எந்த மூலையில் போர் போட்டாலும் அங்கே ஒரு திருச்செங்கோட்டு வண்டி நிற்கும் என்பது தெரிந்ததுதான், ஆனாலும் அந்தப் பொட்டலில் தமிழ்ப் பலகையைப் பார்த்ததும் ஒரு தெம்பு. டிரில்லர் என்னைவிட மூத்தவர். இரவு முழுக்க கம்ப்ரெஸர் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசினோம்.

"நம்மூர்ப் பக்கம் கல்லு புடிச்சா அடிவரைக்கும் ஒரே கல்லுங்க சார். இங்க அப்படி இல்லீங்க. அடுக்கடுக்கா வருது" என்றார்.

"எப்படிண்ணே தெரியும்?"

"தூசியப் பாருங்க. இப்ப கறுப்பா வருதுங்களா, இது கெட்டிக் கல்லு. பிட்டு மெதுவாத்தான் எறங்கும். கொஞ்ச நேரத்துல செவப்பு வரும் பாருங்க. செவப்பு வந்துருச்சுன்னா ஒரு அடுக்கு முடிஞ்சுதுங்க. அடுத்த அடுக்குல மொதல்ல வெள்ளைப் பொடி கலந்து வரும், அது பொத்தல் கல்லு, சர்ருனு எறங்கிரும். அப்புறம் மறுபடி கறுப்பு."

அந்தச் சிவப்பு வந்தபோது கையில் வாங்கிப் பார்த்தேன். செங்கல் பொடி நிறம். நனைத்தால் களிமண்ணாகக் குழைந்தது. ஒரு ஓட்டம் உறைந்து, அதன் மேல்பரப்பு மக்கி மண்ணாகக் கிடந்து, அதன்மேல் அடுத்த ஓட்டம் வந்து மூடியிருக்கிறது. அந்த இடைவெளி எத்தனை காலம் என்று சிவப்பின் கனத்தை வைத்து ஊகிக்கப் பார்ப்பார்கள், உறுதியாகச் சொல்வது கஷ்டம். சுரங்கப்பாதை வேலைக்காரர்களுக்கு இந்தச் சிவப்புப் பட்டை சத்துரு. காற்றும் ஈரமும் பட்டால் உப்பி உதிரும், மேலே இருப்பதையும் கூட்டிக்கொண்டு வரும். டிரில்லர் அண்ணனுக்கு எரிமலைக் கதை எதுவும் தெரியாது. ஆனால் தூசியின் நிறத்தை வைத்து, எத்தனை ஓட்டங்களைத் துளைத்துவிட்டோம் என்று விடியும்போது சரியாகச் சொல்லிவிட்டார்.

இனி தூண்கள். எரிமலைக் கல் என்றதும் எல்லோரும் போட்டோ போடுவது இவற்றைத்தான், அறுகோணமாக அடுக்கிவைத்த கல்தூண்கள். 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இவை கடல்நீரிலிருந்து படிந்த படிகங்களா, நெருப்பில் வந்தவையா என்று பெரிய சண்டை நடந்திருக்கிறது. பிரான்ஸின் ஓவெர்ன் பகுதியில் 1763-ல் நிக்கோலா தெமரே என்ற புவியியலாளர் இந்தத் தூண்கல்லைத் தொடர்ந்தே நடந்து, அது ஒரு பழைய எரிமலையிலிருந்து வந்த ஓட்டத்தின் பகுதி என்று கண்டார். சண்டை அதோடு தீரவில்லை, ஆனால் நடந்தே போய்ப் பார்த்தார் என்பதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

உண்டாகும் விதம் இதுதான். தேங்கி நிற்கும் குழம்பு மேலிருந்தும் கீழிருந்தும் ஆறுகிறது. ஆறும் கல் சுருங்கும். பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருப்பதால் சுருங்க இடமில்லாமல் வெடிக்கும். வெடிப்புகள் ஒன்றையொன்று சந்திக்கும்போது மூன்று பக்கமும் 120 டிகிரியாகப் பிரிந்தால் இழுவிசை நன்றாகத் தணியும், அதனால் மெல்ல மெல்ல அந்தக் கோணத்துக்கு ஒழுங்காகும். அறுகோணம் நிறைய வருவது அதனால். ஐந்து பக்கமும் ஏழு பக்கமும் தாராளமாக உண்டு. எண்ணிப் பாருங்கள், சுத்தமான அறுகோணம் மட்டுமே இருக்கும் சுவர் எங்கேயும் கிடையாது. வெடிப்பு உள்ளே இறங்குவது ஒரே மூச்சில் இல்லை. உள்ளே அடுத்த துண்டு உறையும் அளவு ஆறியதும் ஒரு வெட்டு, பிறகு நிற்கும், மறுபடி ஒரு வெட்டு. தூணின் பக்கத்தில் கைவைத்துத் தடவினால் குறுக்கே வரி வரியாகத் தட்டுப்படும், ஒவ்வொரு வரியும் ஒரு வெட்டு. மெதுவாக ஆறியிருந்தால் வரிகளும் அகலம், தூணும் பருமன். வேகமாக ஆறியிருந்தால் இரண்டும் சின்னது. தூண் எப்போதும் ஆறும் பரப்புக்குச் செங்குத்தாகத்தான் நிற்கும். தூண் சாய்ந்தோ படுத்தோ கிடந்தால், சூடு பக்கவாட்டில் போயிருக்கிறது. தரையைப் பிளந்து சுவராக ஏறிய குழம்பில், இரு பக்கமும் இருக்கும் குளிர்ந்த பாறைக்குச் சூட்டை இழந்து, தூண்கள் விறகு அடுக்கிய வாக்கில் கிடக்கும்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் இதை நம்பவில்லை. "அறுகோணம் தானா எப்படிப்பா வரும்?" என்றாள். டொரண்டோ பல்கலைக்கழகத்தில் லூகாஸ் கோரிங், ஸ்டீபன் மோரிஸ் என்ற இருவர் இந்தத் தூண்களை ஆராய எரிமலையைத் தேடிப் போகாமல் சோளமாவைக் கரைத்துக் காயவைத்தார்கள். அதையே நாங்களும் செய்தோம். கடையில் கிடைக்கும் கார்ன்ஃபிளவர், அதே எடைக்குத் தண்ணீர், அகலக் கண்ணாடிக் கிண்ணம், மேலே படிப்பு விளக்கு. மேசை விளக்கை எடுத்துவிட்டேன் என்று வீட்டில் சண்டை. "ஏங்க, ஒரு கிலோ மாவை இப்படி வீணாக்கணுமா?" என்று கேள்வி. முதலில் மேலே பெரிய பெரிய வெடிப்புகள் விழுந்தன. அவற்றைப் பார்த்து அவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கினாள். நன்றாகக் காய்ந்த பிறகு கட்டியை எடுத்துக் கவனமாகப் பிட்டபோது உள்ளே பொடிப்பொடியாகத் தூண்கள், நெல் பருமனில், பக்கம் பக்கமாக. மேலே மெல்லிசு, கீழே போகப் போகப் பருமன். மேலே வேகமாக உலர்ந்தது, ஆழத்தில் மெதுவாக உலர்ந்தது. பாறையில் சூடு வெளியேறுவதால் நடப்பது மாவில் ஈரம் வெளியேறுவதால் நடக்கிறது, கணக்கு ஒன்றேதான். அவள் லென்ஸை வைத்துப் பக்கங்களை எண்ண உட்கார்ந்தாள். அம்மாவும் கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மும்பையில் மாட்டுங்காவில் என் சித்தி இருக்கிறாள். கில்பர்ட் ஹில் பார்க்கப் போகிறேன் என்றதும், "நாப்பது வருஷமா இங்க இருக்கேன், அந்தேரில ஏதுடா மலை?" என்றாள். இருக்கிறது. அந்தேரி மேற்கில், அடுக்குமாடிகளுக்கும் குடிசைகளுக்கும் நடுவே, சுமார் 61 மீட்டர் உயரத்துக்குக் கறுப்புக் கல்தூண்கள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. உச்சியில் காவ்தேவிக்கும் துர்கைக்கும் கோயில், ஏறிப்போகப் பாறையில் வெட்டிய படிகள். வேண்டுதலுக்கு வருகிறவர்கள் வருகிறார்கள், அடியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பந்து தூணில் பட்டால் எத்தனை ரன் என்று அவர்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. நான் பார்த்தவரை, தூணுக்கு அண்ணாந்து போட்டோ எடுத்தவன் நான் ஒருவன்தான்.

சுற்றி இருந்த பாறையெல்லாம் குவாரிகளில் ஜல்லியாகப் போய்விட்டது, இது எஞ்சியது. இதேபோலத் தூண் தூணாக நிற்கும் வயோமிங்கின் டெவில்ஸ் டவரை அமெரிக்கா 1906-லேயே தன் முதல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. இங்கேயும் அறிவிப்புகள் உண்டு, காகிதத்தில் குறையில்லை. ஆனால் பாறையின் அடிவாரத்துக்கு இவ்வளவு கிட்டே அஸ்திவாரம் தோண்ட யார் சம்மதித்தார்கள் என்று என் தொழில் கண்ணுக்குக் கேட்கத் தோன்றுகிறது. தூண்பாறை அடியில் பிடிமானம் போனால் ஒவ்வொரு தூணாகப் பிரிந்து சாயும். எங்கள் மலைச்சாலையில் தூண்கள் இருக்கும் வெட்டு வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். வெடித்தால் கோட்டில் நிற்காது, பின்னால் இருக்கும் தூணையும் இழுத்துக்கொண்டு வரும். வலை அடிக்காமல் ரோட்டைத் திறக்க முடியாது.

உடுப்பிக்குப் போனபோது மால்பேயிலிருந்து படகேறி செயின்ட் மேரிஸ் தீவுக்கும் போய்வந்தோம். அங்கேயும் தூண்கள்தான், ஆனால் தக்காணத்து ஓட்டம் அல்ல. அதைவிடச் சுமார் 2 கோடி ஆண்டு மூத்தது. மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்து எரிமலை. சிலிக்கா கூடிய குழம்பு என்பதால் கல் கன்னங்கறுப்பாக இல்லாமல் வெளிறியிருக்கும். அலை மேலே ஏறி இறங்கி, தூண்களின் தலைகளைத் தனித்தனியாகத் தேய்த்து வைத்திருப்பதால் மேலேயிருந்து பார்க்கும்போது பக்கங்களை எண்ணுவது சுலபம். கரையில் மணலுக்குப் பதில் சிப்பி. செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். மழைக்காலத்தில் படகு கிடையாது.

தூண் அழகுதான். ஆனால் எனக்கு மரியாதை அதிகம் பொத்தல் கல்மேல். இதைச் சொன்னால் புதிதாக வரும் ஜூனியர்கள் சிரிப்பார்கள். ஜல்லிக்குக் கெட்டிக் கல்தான் வேண்டும், குமிழிக் கல்லை கிரஷரிலிருந்தே தள்ளிவிடுவோம், அதெல்லாம் சரி. ஆனால் சுரங்கம் குடையும்போது கதை மாறும். கெட்டிக் கல்லில் ஆறும்போது விழுந்த வெடிப்புகள் நெடுக ஓடும், அவற்றின் வழியே தண்ணீர் கொட்டும், கூரையிலிருந்து துண்டு விழும். குமிழிகள் நிறைந்த கல்லில் அந்த வெடிப்புகள் பெரும்பாலும் இருப்பதில்லை. பின்னாளில் கசிந்த நீர் அந்தக் குமிழிகளில் ஜியோலைட் என்ற வெள்ளைக் கனிமத்தை நிரப்பிவிட்டிருக்கும். பார்க்கப் புள்ளி புள்ளியாக நோஞ்சானாகத் தெரியும் அந்தக் கல் ஒரே உடம்பாக, சொட்டு விடாமல் நிற்கும்.

அஜந்தாவில் கூட்டம் ஓவியத்தைப் பார்க்கும்போது நான் ஓவியம் உதிர்ந்த இடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயறு பயறாக வெள்ளை முடிச்சுகள். குமிழி நிரம்பிய கல். தூண் தூணாக வெடித்த பாறையில் இவ்வளவு பெரிய தட்டைக் கூரையைக் குடைந்திருந்தால் அது என்றைக்கோ பட்டை பட்டையாக இறங்கியிருக்கும். எல்லோராவில் 8-ஆம் நூற்றாண்டில் ஒரு மலையையே மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கைலாசத்தை எடுத்தவர்களுக்கு எந்த இடத்தில் உளி வைக்கலாம், எங்கே கூடாது என்று தெரியாமல் இருந்திருக்காது. அவர்களிடம் குமிழி மேலோடு, உள்கெட்டி, அடிக்குழாய் என்ற சொற்கள் இல்லை, அவ்வளவுதான். என் டிரில்லர் அண்ணனிடமும் இல்லை.

அதே குமிழிகள் பெரிதாகக் கிடைத்தால் உள்ளே படிகங்கள் வளர்ந்திருக்கும். புணேயை ஒட்டிய வாகோலிக் குவாரிகளில் கிடைக்கும் கவன்சைட் என்ற நீலப் படிகம் உலகம் முழுக்கக் கனிமம் சேகரிப்பவர்களுக்குத் தெரியும். பீச் நிறத்தில் ஸ்டில்பைட், பச்சையில் அபோபிலைட். கல் உடைக்கிறவர்கள் இப்போதெல்லாம் இவற்றைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறார்கள், ஜல்லியைவிட நல்ல விலை.

கடைசியாகக் கயிற்றுப் பாறை. இங்கே லேசில் கிடைக்காது, ஏனென்றால் அது மேல்தோலின் மேல்தோல். மக்கினால் முதலில் போவது அதுதான். அடுத்த ஓட்டம் உடனே வந்து மூடிய இடத்தில், பின்னாளில் ஓடை அரித்து மேலோட்டத்தைக் கழற்றிவிட்டால் தப்பிப் பிழைத்ததைக் காணலாம். புணே மாவட்டத்தில் போர் (Bhor) என்ற மலைத்தாலுகாவில் வற்றிய ஓடைப் படுகை ஒன்றில் கொஞ்சம் பார்த்தேன். மணிக்கட்டுப் பருமனில், வில்லாக வளைந்து, ஒன்றன்பின் ஒன்றாக. காய்ச்சிய பாலின் ஆடையைக் கரண்டியால் ஒரு ஓரமாகத் தள்ளினால் மடிப்பு மடிப்பாகச் சேருமே, அதே வேலை. தோல் பாதி உறைந்து வளையும் பதத்தில் இருக்கும்போது அடியில் குழம்பு இழுத்துக்கொண்டு போக, தோல் மடிந்துவிடுகிறது. நடுவில் வேகம் அதிகம், ஓரத்தில் குறைவு. அதனால் வில் முன்னால் புடைத்து நிற்கும் பக்கம்தான் குழம்பு போன பக்கம். அங்கே அது கிழக்கே போயிருந்தது. ஓடை இன்றைக்கு வடக்கே போகிறது.

இதையெல்லாம் உறைந்ததாக மட்டும்தான் பார்க்க முடிகிறது என்று அலுப்பாக இருந்தால், இந்தக் குழம்பை அன்றைக்கு வெளியே தள்ளிய அதே அடுப்பு இன்னும் அணையவில்லை. இந்தியாவைச் சுமக்கும் பூமியின் மேலோட்டுத் தட்டு வடக்கே நகர்ந்து வந்துவிட்டது, அடுப்பு தெற்கே இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்களின் வம்சம் இன்றும் பெருமளவில் வாழும் தீவு அது. அங்கே பித்தோன் த லா ஃபுர்னேஸ் என்ற எரிமலை அடிக்கடி பொங்குகிறது. 1977-ல் அதன் ஓட்டம் ஒன்று பித்தோன் சாந்த் ரோஸ் ஊருக்குள் இறங்கி, மாதா கோயில் வாசலில் வந்து இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் போய்விட்டது. இப்போது அந்தக் கோயிலுக்குப் பெயரே லாவா மாதா கோயில். வாசலில் உறைந்து நிற்கும் பொதிகளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். வளைந்த முதுகு, மினுக்கும் தோல், எல்லாம் எங்கள் சைட்டில் இருப்பதுதான். ஒரே வித்தியாசம், எங்களுடையதுமேல் 6.6 கோடி வருஷம் மழை பெய்திருக்கிறது.

பார்க்கப் போகிறவர்களுக்கு: மழையில் வேண்டாம், சுவரெல்லாம் பாசியும் அருவியுமாக இருக்கும், கல்லும் விழும். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. தாம்ஹிணி, வரந்தா, மால்ஷேஜ் எந்தப் பாதையானாலும் வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள், லாரிக்காரர்களுக்கு உங்கள் எரிமலை ஆர்வம் தெரியாது. காலை ஒன்பதுக்குள் போனால் சாய்ந்த வெயிலில் குழாய்த் துளைகளின் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். சுத்தியல் எடுத்துப் போக வேண்டாம், ஏற்கெனவே உடைந்து கீழே கிடப்பதே போதும். போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். அளவு தெரியாத கல் படத்தை அனுப்பிவிட்டு இது என்ன சார் என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.